மஞ்சள் அடித்த கேசட்

தொண்ணூறுகளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே கல்யாணம் செய்துகொண்ட ஆயிரம் ஜோடிகளுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்தவள் கிருபாபாய். ஆயிரம் என்பது நான் கொஞ்சம் தாராளமாகப் போட்ட எண். கேட்கிறவர்களுக்குக் காது நிறைய வேண்டுமே என்று போட்டது, வேண்டியவர்கள் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் "கயிறு ஷாட்" என்று ஒன்று இந்த இரண்டு ஊர்க் கல்யாணக் கேசட்டுகளில் மட்டும்தான் உண்டு, மதுரையில் கிடையாது, அதைப் போட்டவள் இவள் என்பதில் குறைக்க ஒன்றும் இல்லை.

கிருபாபாய் அதற்கு முன்னால் டைப் டீச்சர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடியில், பதினோரு வருஷம், லோயரும் ஹையரும் சொல்லிக் கொடுத்தாள். பத்து மெஷின்கள் ஒரே நேரத்தில் அடித்தாலும் எந்த மெஷினில் எந்த விரல் தப்பாக விழுந்தது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாள். அவள் புருஷன் வைகுண்டராஜ் ராஜபாளையத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான். பிறகு தோளில் வைத்து எடுக்கிற வீடியோ கேமரா ஒன்று வாங்கி, கல்யாணம் கல்யாணமாகத் தோள் சாய்ந்து நடந்தான்.

எடுக்கிறது அவன், வெட்டி ஒட்டுகிறது மதுரை. கேசட்டைப் பேப்பரில் சுற்றிப் பஸ் ஏற்றினால் ஒரு மாசம் கழித்து வரும். வருவது சொந்தக் கல்யாணமாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு தடவை முறம்பு என்கிற ஊரில் ஒரு வீட்டுக் கல்யாணக் கேசட்டில், நலங்குக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில், யாரோ ஒரு பெண் பத்து நிமிஷம் அரக்குச் சேலையில் வந்து போனாள். வீட்டுக்காரர்கள் பொறுமையாக முழுவதும் பார்த்தார்கள். முடிந்தபின் மாப்பிள்ளையின் தகப்பனார், "அந்தப் பிள்ளையும் லட்சணமாத்தான் இருக்கு" என்றார். அந்த வீட்டில் அப்புறம் ஒரு வாரம் சரியாகச் சமையல் நடக்கவில்லை.

அதோடு வைகுண்டராஜுக்கு வெறுத்துப்போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கேசட்டும் டெக்கும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த பக்கீர் முகமதுவோடு கூட்டுச் சேர்ந்து, தொண்ணூற்றொன்றில் ஒரு எடிட்டிங் செட்டை மெட்ராஸிலிருந்து இறக்கினான். பாயின் கடை மாடியில் வைத்தார்கள். ராஜபாளையத்தில் வைக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு. ஆனால் அங்கே மில் பஞ்சு காற்றோடு வந்து டெக்கின் ஹெட்டில் உட்கார்ந்துகொள்ளும். மணமகன் பனிக்காலத்தில் தாலி கட்டியதுபோல் இருக்கும் என்று பாய் சொல்லிவிட்டார்.

செட் என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு டெக் ஓட்டுவதற்கு, ஒரு டெக் பதிவதற்கு. இரண்டுக்கும் நடுவில் வட்டச் சக்கரம் வைத்த ஒரு கன்ட்ரோலர். பக்கத்தில் படத்தோடு படம் கலக்க, கலர் கொடுக்க ஒரு மிக்சர். ஓட்டுகிற டெக்குக்குப் பாய் தன் கடைக் கலர் டி.வி.யைக் கொடுத்தார். பதிகிற டெக்குக்கு வைகுண்டராஜ் தன் வீட்டிலிருந்து மரக் கதவு வைத்த பழைய கறுப்பு வெள்ளை டி.வி.யைத் தூக்கி வந்தான். அங்கே ஓடுகிற கலர்தானே இங்கே விழப்போகிறது, அதை ஏன் இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்பது பாயின் நியாயம். அன்றைக்கு யாரும் அதை மறுக்கவில்லை.

மெட்ராஸிலிருந்து வந்த ஆள் பதினான்கு ஒயரைச் சொருகி, படம் காட்டி, சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் போய்விட்டான். அவன் பஸ் கிருஷ்ணன்கோவில் தாண்டியிருக்காது. மேஜையில் வெயில் படுகிறது என்று வைகுண்டராஜ் அதைத் திருப்பிப் போட்டான். திருப்புவதற்குத் தோதாகப் பதினான்கு ஒயரையும் பிடுங்கினான். எது எதில் இருந்தது என்று அப்புறம் யாருக்கும் தெரியவில்லை. அவன் ஞாபகத்தில் சொருகிப் பார்த்ததில் ஒரு டி.வி.யில் படமும் இன்னொரு டி.வி.யில் சத்தமும் வந்தன. இரண்டும் வேறு வேறு கேசட்டுடையவை.

தூக்குச்சட்டியில் சோறு கொண்டு வந்த கிருபாபாய், செட்டோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். அன்றைக்குச் சாயங்கால கிளாஸுக்கு லீவு விட்டாள். மறுநாளும் விட்டாள். மூன்றாம் நாள் இரண்டு டி.வி.யிலும் ஒரே படம், ஒரே சத்தம். எழுந்திருக்கும்போதுதான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனசில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பதினோரு வருஷம் பிறர் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவள். இங்கே அடிப்பதும் அவள், முன்னால் தெரிவதும் அவள் அடித்தது.

பாயிடம் கேட்டாள். பாய் நல்ல மனுஷர். ஆனால் சங்கையாவுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. சங்கையா கிருஷ்ணன்கோவில்காரன். மதுரையில் ஆறு வருஷம் எடிட்டிங்கில் இருந்தவன், ஊர்ப் பக்கம் வந்துவிட ஆசைப்பட்டுக்கொண்டிருந்தான். பாய் யோசித்து ஒரு வழி சொன்னார். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. ஆவணியில் எடுத்த ஒரு கல்யாணத்தை அதற்குள் கிருபாபாய் முடித்துக் கொடுக்கட்டும். சங்கையா வந்து பார்க்கட்டும். சரியாக இருந்தால் ஐப்பசியிலிருந்து நாற்காலி அவளுக்கு. சரியில்லையென்றால் அவனுக்கு. "அம்புட்டுத்தாம்மா" என்றார். அவளும் சரி என்றாள். டைப் கிளாஸை ஒரு மாசத்துக்கு இன்னொருத்தியிடம் விட்டாள். திரும்பிப் போனால் அந்த வேலை இருக்குமா என்று அவள் கேட்கவில்லை.

வந்து வாய்த்தது வெள்ளத்தாய் வீட்டுக் கல்யாணம்.

வெள்ளத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மடவார் வளாகம் பகுதியில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு மூத்த அக்கா. தாய் இல்லாத தம்பியை வளர்த்தவள். தம்பி முதல் முடிச்சுப் போட, மீதி இரண்டு முடிச்சையும் நாத்தனார் முறையில் போட்டவள் அவள். தான் முடிச்சுப் போடுவதைக் கேசட்டில் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தாள். அப்போது அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. கண்ணை மூடும் அறிகுறி எதுவும் இல்லை.

கேசட் எந்த மட்டுக்கு இருக்கிறது என்று பார்க்க ஒருநாள் மாடியேறி வந்தாள். உள்ளே இரண்டு டெக்கும் ஓடாமல் ஒன்று மட்டும் முனகிக்கொண்டிருந்தது, டி.வி.யில் ஒன்றும் தெரியவில்லை. என்ன நடக்கிறது என்று கேட்டாள். வைகுண்டராஜ் சாதாரணமாக, "ஒங்க கேசட்டுக்குத்தான் கறுப்பு அடிச்சிட்டு இருக்கோம்" என்றான்.

அது தொழிலில் தினம் சொல்கிற வார்த்தை. புதுக் கேசட்டில் நேரே படத்தை ஒட்ட முடியாது. நீளம் தாண்டுகிறவன் கொஞ்சம் பின்னால் போய் ஓடி வந்து தாண்டுகிற மாதிரி, இரண்டு டெக்கும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஐந்து விநாடி பின்னால் போய், சேர்ந்து ஓடி வந்து, குறித்த இடத்தில் பதியத் தொடங்கும். ஓடி வருவதற்குக் கீழே தரை வேண்டும். அந்தத் தரைக்காகத்தான் கேசட் முழுக்க, மூன்று மணி நேரம், வெறும் கறுப்பை முதலில் பதிந்து வைப்பது. படம் அதன் மேல் வந்து உட்காரும். கறுப்பு வெளியே தெரியாது.

இதை வைகுண்டராஜ் ஒழுங்காக எடுத்துச் சொன்னான். வெள்ளத்தாய் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "யார் வீட்டுக் கேசட்டுக்கு?" என்றாள்.

"ஒங்க வீட்டுக்குத்தான்."

"எந்தம்பி கல்யாணத்துக்கு அடியில கறுப்பா?"

"மேல தெரியாதும்மா."

"பாயிக்கு அடியில தேளு கெடந்தாலும் மேல தெரியாது. நீரு படுப்பீரா?"

கிருபாபாய் டெக்கை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். கறுப்புத்தான் வேண்டும் என்று எங்கேயும் போடவில்லை. ஏதாவது ஒரு கலர் ஆடாமல் அசையாமல் வந்தால் போதும். மிக்சரில் எட்டுக் கலர் இருந்தது. ஒவ்வொன்றாகக் கலர் டி.வி.யில் போட்டுக் காட்டினாள், ஜவுளிக்கடையில் விரித்துப் போடுகிற மாதிரி. நீலம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றாள் வெள்ளத்தாய். சிவப்பு, கண்ணுக்கு ஆகாது. பச்சை, தன் சேலை முகூர்த்தத்தில் பச்சைதான், அதில் கரைந்துபோகும். அடுத்தது வெள்ளை. கிருபாபாய், வெள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். தன் கல்யாணத்தில் சர்ச்சில் கட்டியது வெள்ளைச் சேலை என்பதும், எதிரே நிற்கிறவளுக்கு வெள்ளை என்றால் தாலியறுத்தவள் கட்டுவது என்பதும் ஒரே நேரத்தில் ஞாபகம் வர, சட்டென்று அடுத்த பட்டனை அமுக்கினாள். மஞ்சள் வந்தது.

"இத அடி டீச்சர்" என்றாள் வெள்ளத்தாய். "மூணு மணி நேரமும் இதத்தான் அடிக்கணும். எடையில மாத்திராதீய." முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, மாறவில்லை என்று பார்த்துவிட்டுப் போனாள்.

அப்படியாக மஞ்சள் அடித்த கேசட் தயாரானது. நலங்கும் பெண் அழைப்பும் வாசலில் சந்தனம் கொடுத்ததும் ஒரு வாரத்தில் அழகாக ஏறின. எட்டாம் நாள் கிருபாபாய் முகூர்த்தத்துக்கு வந்தாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறான். ஐயர் கையைத் தூக்குகிறார். கெட்டிமேளம். கேமராவுக்கு முன்னால் பச்சைப் பட்டு ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. நாற்பது விநாடி நிற்கிறது. விலகும்போது பெண் கழுத்தில் தாலி இருக்கிறது.

பச்சைப் பட்டு வெள்ளத்தாய். முடிச்சுப் போடக் குனிந்தவள் முதுகைத் தவிரக் கேமராவில் வேறு எதுவும் இல்லை. தம்பி கட்டியதும் இல்லை, அவள் போட்டதும் இல்லை. சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டினாள் கிருபாபாய். எத்தனை தடவை உருட்டினாலும் அந்த முதுகு நகரவில்லை.

வைகுண்டராஜிடம் கேட்டாள். "அந்தம்மா முதுகத் தட்டி நவுருங்கன்னு சொல்லச் சொல்லுதியா, தாலி கட்டையில?" என்றான். அதுவும் நியாயம்தான். இன்னொரு கேமரா இருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்திருக்கலாம். இருந்தது ஒன்று.

கேசட் சரியில்லையென்றால் நாற்காலி இல்லை. தாலி இல்லாத கல்யாணக் கேசட்டைச் சரி என்று யாரும் சொல்லப்போவதில்லை. அவள் ஒரு நாள் முழுக்க யோசித்து இப்படிச் செய்தாள். முதலில் மேளச் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிந்தாள், நாற்பது விநாடியும் அறுபடாமல். அதன் மேல் படத்தைத் துண்டு துண்டாக வைத்தாள். மாப்பிள்ளை தாலியோடு கையை நீட்டுகிறான். தவில்காரர் தலையை ஆட்டுகிறார். கூட்டம் அட்சதை வீசுகிறது. நாயனக்காரர் கன்னம் உப்புகிறது. கடைசியில் பெண் தாலியோடு தலை குனிந்து இருக்கிறாள். கட்டினது தெரியாது, கட்டவில்லை என்றும் தெரியாது.

கன்னத்துக்கும் பெண்ணுக்கும் நடுவில்தான் விரல் ஏமாற்றியது. டைப் அடிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாக்கியம் முடிந்து புள்ளி வைத்தால் இரண்டு இடம் விட வேண்டும். கட்டை விரல் தானாக இரண்டு தட்டுத் தட்டும். பதினோரு வருஷம் பிள்ளைகளை அதட்டி அதட்டிப் பழக்கியதும் அதுதான். தாலி ஏறியது, கல்யாணம் முடிந்தது என்று மனசில் புள்ளி விழுந்ததும் அவள் கட்டை விரல் பக்கத்தில் இருந்த பட்டனை இரண்டு தட்டுத் தட்டிவிட்டது. அடுத்த ஷாட் தொடங்குகிற இடத்தை, அமுக்குகிற நேரத்துக்குத் தக்கபடி தள்ளிப் போடுகிற பட்டன் அது. பன்னிரண்டு ஃபிரேம் தள்ளிப்போனது. அரை விநாடிக்கு ஒரு இம்மி குறைவு. அந்த இடத்தில் எந்தப் படமும் ஏறவில்லை. அடியில் இருந்தது அப்படியே நின்றது.

ஓட்டிப் பார்த்தாள். கறுப்பு வெள்ளை டி.வி.யில் அந்த இடத்தில் வெளுப்பாக ஒரு வெட்டு வெட்டியது. போட்டோக்காரர் ஃபிளாஷ் என்று விட்டுவிட்டாள். அந்தக் கல்யாணத்தில் எங்கே பார்த்தாலும் ஃபிளாஷ்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளத்தாய் வீட்டில் போட்டுப் பார்க்க ஏற்பாடு. பாய் தன் கடையிலிருந்து பெரிய கலர் டி.வி.யையே அனுப்பினார். ராஜபாளையத்திலிருந்து பெண் வீட்டாரும் வந்திருந்தார்கள். பட்டாசாலையில், அதாவது வீட்டு முன்கூடத்தில், இருபத்தேழு பேர். வாசல்படிப் பக்கம், செருப்புகளுக்கு அருகில், மதுரையிலிருந்து முதல் நாள் வந்த சங்கையா உட்கார்ந்திருந்தான். ஒல்லியாக, சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு. பாய் அவன் பக்கத்தில்.

நலங்கு போனது. பெண் அழைப்பு போனது. மேளம் ஏறியது. மாப்பிள்ளை கையை நீட்டினான், தவில், அட்சதை, உப்பின கன்னம். அப்புறம் டி.வி. முழுக்கப் பளீரென்று ஒரு மஞ்சள். உடனே பெண், தலை குனிந்து, தாலியோடு.

கிருபாபாய்க்கு அது என்ன என்று அந்தக் கணமே தெரிந்தது. தன் கட்டை விரலைப் பார்த்தாள்.

"நிறுத்துங்க" என்றாள் வெள்ளத்தாய்.

வைகுண்டராஜ் நிறுத்தினான். பின்னால் போகச் சொன்னாள். போனான். மறுபடி மஞ்சள். இன்னும் ஒரு தடவை. மூன்றாவது தடவை வெள்ளத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"கயிறு" என்றாள். "பாத்தியளா? தாலிக் கயித்துக்கு எம்புட்டுப் பக்கத்துல போயி எடுத்திருக்காவ."

அதற்குப் பிறகு பட்டாசாலையில் எல்லோருக்கும் தெரிய ஆரம்பித்தது. பெண்ணின் தாயார் மஞ்சள் ஈரமாக இருந்ததைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருத்தர் மூன்று முடிச்சையும் எண்ணினார். பெண்ணின் தாய்மாமன் கயிற்றில் பிரி சரியாக முறுக்கவில்லை என்று ஒரு குறையும் சொன்னார். வெள்ளத்தாய் முடிச்சின் ஓரத்தில் தன் சுண்டு விரல் நகத்தைக்கூடப் பார்த்துவிட்டாள். வைகுண்டராஜ் தான் மேடையின் முதல் படிக்கு மேல் ஏறவே இல்லை என்பதை நினைத்து, டெக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாய் மெதுவாகச் சங்கையா பக்கம் திரும்பினார். எப்படி என்று கேட்டார்.

அந்த வீட்டில் அது என்ன என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், கிருபாபாயும் சங்கையாவும். அவன் வாயைத் திறந்து "ஓட்டை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐப்பசியிலிருந்து தினம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வரலாம். சங்கையா கிருபாபாயைப் பார்த்தான்.

"டீச்சர், கேசட்டுக்கு அடியில என்ன அடிச்சிய?"

கறுப்பு என்று சொல்லியிருக்கலாம். பாயும் நம்பியிருப்பார். "மஞ்சள்" என்றாள்.

சங்கையா செத்த நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். தோள் லேசாகக் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"ஆறு வருசமா இந்த வேல பாக்கேன், பாய்" என்றான். "இந்த ஷாட்டு எனக்குப் போட வராது."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது.

மறுநாள் காலையில் கிருபாபாய் பாயை மாடிக்குக் கூப்பிட்டு, மிக்சரில் அதே மஞ்சளைப் போட்டுக் காட்டினாள். "அது ஷாட்டு இல்லண்ணே. நான் விட்ட எடம்" என்றாள். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள். ஏழு நிமிஷ வேலை, கேசட்டைக் கொண்டு வந்தால் அடைத்துவிடுவேன், அதற்கப்புறம் நீங்கள் யாரை வைத்துக்கொண்டாலும் சரி என்றாள். பாய் குடையை எடுத்துக்கொண்டு மடவார் வளாகம் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"தாலிக் கயித்துல கைய வைக்க நீரு யாருன்னு கேக்காவ" என்றார். பிறகு நாற்காலியைக் காட்டினார். "ஒக்காரும்மா. இனி அத நம்மால அழிக்க முடியாது. போட்ட ஆளே இருந்து பாத்துக்கிட வேண்டியதுதான்."

அன்றைக்கே பதிகிற டெக்குக்கும் ஒரு கலர் டி.வி. வந்தது. ஐப்பசியில் வந்த முதல் வீட்டார், வெள்ளத்தாய் வீட்டுக் கேசட்டில் இருப்பதுபோல் கயிறு ஷாட் வேண்டும் என்று சொல்லித்தான் தேதியே குறித்தார்கள். அடுத்தவர்களும் அப்படியே. தப்பாக விழுந்ததைச் சரியாக விழ வைப்பது அவ்வளவு லேசில்லை. வேண்டுமென்றே இரண்டு தட்டுத் தட்டினால் விரல் யோசிக்கிறது. எட்டு ஃபிரேமில் நிற்கும், இல்லையென்றால் இருபதுக்குப் போகும். எட்டு என்றால் கயிறு தெரியவில்லை என்பார்கள். இருபது என்றால் டி.வி. ரிப்பேரா என்பார்கள். பன்னிரண்டு ஃபிரேமுக்கு விரலைப் பழக்க அவளுக்குத் தை பிறந்துவிட்டது.

சங்கையாவும் மதுரைக்குத் திரும்பவில்லை. செட்டுக்குத்தான் ஆள் இருக்கிறது, இன்னொரு கேமரா வாங்கினால் அதற்கு இல்லையே என்று கிருபாபாய் பாயிடம் சொன்னாள். வைகுண்டராஜுக்கு எதிர்ப்பக்கம் அவன் நின்றான், முதுகுகளுக்கு அந்தப்புறம். முதல் கல்யாணத்திலேயே தாலிக் கயிற்றைப் பக்கத்தில் போய், முடிச்சு விழுகிற அழகு தெரிய, நிஜமாகவே எடுத்துக்கொண்டு வந்தான். கிருபாபாய் அதை முழுசாக வைத்துக் கொடுத்தாள். வீட்டார் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது, இது கயிறு, கயிறு ஷாட் எங்கே என்று கேட்டார்கள். அதிலிருந்து இரண்டையும் வைப்பது வழக்கமானது: முதலில் சங்கையாவின் கயிறு, பின்னால் அவளுடையது.

இதை எழுதி முடித்துக் கிருபாபாயிடம் கொடுத்தேன். பழைய பழக்கம், சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படித்தாள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, மேலே முதல் வரியில் ஆயிரம் என்ற இடத்தை வட்டம் போட்டாள்.

"நூத்திப் பன்னெண்டு" என்றாள். "அதுல ஒண்ணு காதுகுத்து. அவியளும் கேட்டாவ."